அடி அம்மாவுக்கு, படுக்கையை நனைப்பது பிள்ளை

கேள்வி: மருமகன் சம்பளத்தன்று குடித்துவிட்டு வந்து என் மகளை அடிக்கிறார். பிள்ளைகள்மேல் ஒரு நாளும் கை வைத்ததில்லை. ஆனால் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பேரன் மறுபடியும் படுக்கையை நனைக்கிறான். வகுப்பில் கவனமே இல்லை என்கிறார் டீச்சர். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோமா?
– ஒரு பாட்டி, சுங்கை சிப்புட்

பதில்: செல்லத்தால் வந்ததில்லை, அம்மா. தோட்டத்து லயத்து வீட்டில் (வரிசை வீடு) பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடப்பது அத்தனையும் பிள்ளைக்குக் கேட்கும். கண்ணால் பார்க்க வேண்டும் என்பதில்லை. அடுத்த சத்தம் எப்போது வருமோ என்று காத்திருக்கும் உடம்பில் கார்டிசோல் போன்ற, பதற்றத்தில் சுரக்கும் ஹார்மோன்கள் தாறுமாறாகிவிடும். தூக்கம் கெடும். வகுப்பில் நாற்காலி நகர்ந்தாலும் திரும்பிப் பார்ப்பான், வாய்ப்பாடு மனதில் நிற்காது. டீச்சரிடம் இதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் தண்டித்தால் பள்ளியும் அவனுக்குப் பயமான இடமாகிவிடும்.

ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைத்தால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். சிறுநீர்த் தொற்றா, நீரிழிவா, மலச்சிக்கலா என்று பார்த்துவிட வேண்டும். நனைந்த இரவுகளை நாள்காட்டியில் குறித்து வாருங்கள். அவை சம்பள நாளை ஒட்டியே விழுந்தால் அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். நனைத்ததற்காக அடிக்கவோ, மற்றவர் முன் கேலி செய்யவோ கூடாது. பயம் கூடினால் நனைப்பதும் கூடும்.

பேரனிடம் இப்படிச் சொல்லுங்கள்: "இது உன்னால வந்தது இல்லய்யா. அப்பாவைத் தடுக்கிறதும் உன் வேலை இல்ல. சத்தம் கேட்டா நேரா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட போயிடு." அந்த அத்தையிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். பகலில் ஒரு தடவை அவனை நடந்து காட்டச் சொல்லுங்கள். குசினிக்குள் ஒளியக் கூடாது, அங்கே கத்தியும் கொதிதண்ணீரும் இருக்கும். வெளியேற வழியில்லாத குளியலறையும் ஆகாது. 999-ஐ அழைத்து வீட்டு முகவரியைச் சொல்லவும் பழக்குங்கள். இப்படி வளரும் பிள்ளைகள் மீண்டு வர, மாறாமல் கூடவே நிற்கும் ஒரு பெரியவர் வேண்டும். நீங்களே அந்தப் பெரியவராக இருக்கலாம்.

கேள்வி: வீட்டுச் சண்டை ஒன்பது மாதக் குழந்தைக்கு என்ன தெரியப் போகிறது என்கிறார் கணவர்.
– வாசகி, பீடோர்

பதில்: தெரியும். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், 6 முதல் 12 மாதக் குழந்தைகள் தூங்கும்போதே கோபக் குரலைக் கேட்கவைத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். பெற்றோர் சண்டை அதிகமுள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு, அழுத்தத்தையும் உணர்ச்சியையும் கையாளும் பகுதிகள் கூடுதலாகச் செயல்பட்டன. பால் மறுப்பது, அடிக்கடி விழிப்பது, தூக்கியும் அடங்காமல் அழுவது என்று வீட்டில் இது வெளிப்படலாம். எடை பார்க்கப் போகும்போது நர்சிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: கணவர் அடிப்பதைப் போலீசில் ரிப்போர்ட் செய்யப் பயமாக இருக்கிறது. வீடும் தோட்டத்து வீடு. பிள்ளைகளோடு எங்கே போவேன்?
– பெயர் வேண்டாம், கோலக் கெட்டில்

பதில்: மலேசியாவின் 1994-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தில், அடிப்பதைத் தடுக்கும் அவசரப் பாதுகாப்பு ஆணை 2018 முதல் நடப்பில் இருக்கிறது. இதற்குப் போலீஸ் ரிப்போர்ட் தேவையில்லை. சமூக நல இலாகா அதிகாரியே விண்ணப்பித்த 2 மணி நேரத்துக்குள் தரலாம். 7 நாள்தான் செல்லும். அதற்குள் ரிப்போர்ட் செய்தால், விசாரணை முடியும்வரை காக்கும் இடைக்கால ஆணையை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கேட்கலாம். எந்த ஆணையானாலும் பிள்ளைகளின் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

தாலியான் காசே என்ற அரசாங்க உதவித் தொலைபேசியில், 15999 எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம். வீடு தோட்ட நிர்வாகத்துடையது என்பதை முதலிலேயே சொன்னால் தங்குமிடத்துக்கும் சேர்த்து வழி பார்ப்பார்கள். காயம் இருந்தால் அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் ஒன் ஸ்டாப் கிரைசிஸ் சென்டர் (வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவிப் பிரிவு) என்று கேளுங்கள். மைகாட் (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரங்கள், குழந்தையின் கிளினிக் புத்தகம், பள்ளிச் சீருடை ஒரு ஜோடி, கொஞ்சம் பணம் ஆகியவற்றை ஒரு பையில் போட்டு, நம்பிக்கையானவர் வீட்டில் இன்றே கொடுத்து வையுங்கள்.