ஸ்டேக்பவர் கேபிளில் கை வைக்கும் முன்: டொராண்டோவுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, டொராண்டோவுக்கு வந்து மூன்று வாரமே ஆகியிருக்கும் நிலையில், வரும் சனிக்கிழமை ஓர் அலுவலகத்தில் அடுக்காக இணைந்திருக்கும் நான்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 நெட்வொர்க் சுவிட்சுகளில் ஒன்றை எடுக்க வேண்டியிருப்பதாகவும், அவை ஒன்றோடொன்று மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஸ்டேக்பவர் கேபிளை அப்படியே கழற்றிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வாடகை வீடு, குளிருக்கான ஜாக்கெட், பழைய கார் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றுக்குப் பதில் சொல்ல இந்த ஊரில் ஆள் பஞ்சமில்லை. காரென்று வாயைத் திறந்தாலே, விற்பதற்கு ஒன்றை வைத்திருக்கும் மைத்துனர் எல்லோருக்கும் இருப்பார். நான் கேபிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

அப்படியே கழற்றாதீர்கள். 2012 பிப்ரவரியில், வந்த இரண்டாவது மாதத்தில், நான் அப்படித்தான் கழற்றினேன். அவை பழைய 3750-எக்ஸ் சுவிட்சுகள். வளையமாகத்தானே இணைத்திருக்கிறார்கள், ஒன்றை எடுத்தாலும் மற்றவை தொடர்பில் இருக்கும் என்று மதுரையில் படித்த தைரியத்தில் கணக்குப் போட்டேன். தொடர்பு இருந்தது, மின்சாரம்தான் போதவில்லை. நான் எடுத்த சுவிட்சில் 1100 வாட் பவர் சப்ளை இருந்தது; மற்ற மூன்றிலும் 350 வாட் மட்டுமே. அலுவலகத் தொலைபேசிகளுக்கு நெட்வொர்க் கேபிள் வழியாக மின்சாரம் கொடுப்பதும் இந்தச் சுவிட்சுகள்தான். அதாவது, மேல்மாடித் தொலைபேசிகளுக்கான மின்சாரத்தில் பாதிக்கு மேல், நான் அகற்றிய பெட்டியிலிருந்துதான் ஸ்டேக்பவர் கேபிள் வழியாகப் போய்க்கொண்டிருந்தது. மீதமிருந்த 1050 வாட்டில் 30 வாட்டை ஸ்டேக்பவர் தன் கையிருப்பாக ஒதுக்கிக்கொள்ள, பட்ஜெட்டில் துண்டு விழுந்தது. அந்த அடுக்கை யாரோ 'ஸ்டிரிக்ட்' முறையில் அமைத்திருந்ததால், உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று பார்க்காமல், ஒதுக்கீடு இருப்பைத் தாண்டிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக, முன்னுரிமை குறைந்த போர்ட்டுகளை (தொலைபேசிக் கேபிள்கள் செருகியிருக்கும் துளைகளை) அது வரிசையாக அணைத்தது. ஒரு மாடி முழுக்கத் தொலைபேசி ஊமையானது. அந்தக் கணக்கும் போதாமல் போயிருந்தால், அடுத்து முன்னுரிமை கூடிய போர்ட்டுகள், அதற்கும் பிறகு சுவிட்சுகளே அணைந்திருக்கும்.

ஆகவே முதலில் 'ஷோ ஸ்டேக்-பவர் டீடெயில்' கட்டளையைக் கொடுத்து, எந்தச் சுவிட்சில் எத்தனை வாட் சப்ளை இருக்கிறது, எவ்வளவு ஒதுக்கப்பட்டிருக்கிறது, யாருக்கு யார் அண்டை என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சுவிட்சுக்குச் சொந்தமாகப் பவர் சப்ளையே இல்லாமல் அண்டையாரின் தயவில் ஓடிக்கொண்டிருக்கலாம்; முன்பக்க விளக்கைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இயல்பாக இருப்பது பகிர்வு முறை. அதில் எல்லா வாட்டும் ஒரே உண்டியலில் விழும். மிகுமின் ('ரிடண்டன்ட்') முறையில் அமைத்திருந்தால், இருப்பதிலேயே பெரிய சப்ளையை முன்கூட்டியே கணக்கிலிருந்து விலக்கி வைத்திருப்பார்கள்; அப்போது உங்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடமுண்டு.

எடுக்கப்போகும் சுவிட்ச் தன் சொந்தச் சப்ளையில் நிற்கும், மீதமுள்ளவை அது இல்லாமலும் தாக்குப்பிடிக்கும் என்று உறுதியான பிறகு, மென்பொருளிலேயே அந்தச் சுவிட்சைத் 'ஸ்டாண்டலோன்' (தனித்து இயங்கும்) நிலைக்கு மாற்றுங்கள். அதன் இரண்டு ஸ்டேக்பவர் போர்ட்டுகளும் அப்போது மூடப்பட்டுவிடும். ஐந்து நிமிடம் பொறுத்து, எதுவும் அணையவில்லை என்று பார்த்த பின்னரே இணைப்பியின் இரு திருகுகளையும் தளர்த்தி, கேபிளைப் பிடித்து இழுக்காமல், தலையைப் பிடித்து நேராக வெளியே எடுங்கள். தரவுக்கான அடுக்குக் கேபிளும் பின்பக்கத்தில்தான் இருக்கும். அதை முதலில் தொடவே கூடாது. கட்டளை அதன் வழியாகத்தான் போகிறது, அதோடு உயிருள்ள சுவிட்சை அதிலிருந்து பிரித்தால் அடுக்கை நடத்தும் தலைமைச் சுவிட்சுகள் ஒரே முகவரியோடு இரண்டு உருவாகிவிடும். அந்தச் சுவிட்சின் மின்சாரத்தை நிறுத்திய பிறகே தரவுக் கேபிளைக் கழற்ற வேண்டும்.

உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் மணிக்கட்டுப் பட்டை இல்லாமல் உள்ளே போகாதீர்கள். ஹீட்டர் ஓடும் இந்த ஊர்க் குளிர்காலத்தில் காற்று அவ்வளவு வறண்டிருக்கும்; கம்பளத்தில் நான்கடி நடந்து கதவுப்பிடியைத் தொட்டாலே பொறி பறக்கும். மதுரையில் எனக்கு அந்த அனுபவம் ஒருநாளும் நேர்ந்ததில்லை.

நம்மவர்களில் பலர், மேலாளர் எதைக் கேட்டாலும் 'தெரியும், செய்துவிடலாம்' என்றே சொல்வார்கள். நானும் அந்த ரகம்தான். அந்த இரவுக்குப் பிறகு, 'பத்து நிமிடம் கொடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்' என்று சொல்லப் பழகிக்கொண்டேன். இன்று என் குழுவில் படிப்படியாக எழுதிய தாள் இல்லாமல் யாரும் சுவிட்சுகளை அடுக்கியிருக்கும் ரேக்கின் பின்பக்கம் போவதில்லை. பதினைந்து வருடம் இங்கிருக்கும் சிலர், 'சும்மா பிடுங்கு, ஒன்றும் ஆகாது' என்று உங்களிடம் சொல்வார்கள். அந்தச் சனிக்கிழமை அவர்கள் உங்களோடு வரப்போவதில்லை.

மீதமுள்ள மூன்றையும் மறுபடி வளையமாக மூடுவதற்கு, 150 சென்டிமீட்டர் கேபிள் ஒன்றை இப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பச்சைப் பட்டையுள்ள முனை சுவிட்சில் மட்டுமே சேரும். மஞ்சள் முனை சுவிட்சிலும் சேரும், வெளிப்புற மின்பெட்டியிலும் சேரும். 2012-இல் அந்த இரவு, எங்கள் ரேக்கில் சுவிட்சுகளுக்கு நடுவே பேட்ச் பேனல்கள் (கேபிள்கள் வந்து முடியும் பலகைகள்) இருந்ததால் 30 சென்டிமீட்டர் கேபிள் எட்டவில்லை. நீளமானதை எடுத்துவர, அந்தப் பனியில் ஸ்கார்பரோவில் இருந்த கிடங்குக்கு இரண்டு பேருந்து மாறிப் போனேன்; திரும்பி வந்து வளையத்தை மூடியபோது மணி இரவு 1.40.