வாடுவதும் வாட்டுவதும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

உலக வங்கி 2025இல் கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலருக்கு மாற்றியதும் ஏழைகளின் எண்ணிக்கை கூடிவிட்டது. 2030க்குள் கடும் வறுமையை ஒழிப்போம் என்ற ஐ.நா. இலக்கு இனி நிறைவேறுமா? இன்னொன்று. வறுமையை மனித உரிமைப் பிரச்சினை என்கிறார்கள். சித்திரவதை என்றால் செய்தவனைக் கைகாட்டலாம். வறுமையில் வாடும் மக்களுக்காக யாரைக் கூண்டில் ஏற்றுவது? எனக்கு இது மேடைப்பேச்சாகவே படுகிறது.

சி., பொருளியல் மாணவர்

அன்புள்ள சி.,

2030க்குள் ஒழியாது. அதைச் சொல்ல நான் வேண்டாம், வங்கியின் அறிக்கைகளே போதும். கோட்டின் கணக்கை உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். என்னைப் பிடித்துக்கொண்டது ‘வறுமையில் வாடும்’ என்று நீங்கள் போகிறபோக்கில் எழுதிய சொல்தான். சில நாட்களாக நானும் அதையே மென்றுகொண்டிருக்கிறேன்.

வாடுவது தன்வினை. மழை பெய்யவில்லை, செடி வாடியது. யார் மேலும் குற்றமில்லை. சரி, பிறவினைக்கு மாற்றுவோம் என்றால் ‘வறுமை வாட்டியது’ என்கிறோம். வறுமைக்குக் கையும் காலுமா இருக்கிறது? எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பொம்மையை உட்காரவைத்துவிட்டு, யாரைக் கூண்டில் ஏற்றுவது என்று கேட்கிறீர்கள். பொருளியல் படிக்கிற பிள்ளை இவ்வளவு சோம்பேறித்தனமாக எழுதலாமா?

பாரிஸில் ட்ரோகாடெரோ சதுக்கத்தில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1948இல் உலக மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறிய இடம் அது. 1987 அக்டோபர் 17 அன்று ஜோசப் ரெசின்ஸ்கி என்ற பாதிரியார் அங்கே அந்தக் கல்லைத் திறந்துவைத்தார். வறுமையில் வாழும்படி மனிதர்கள் எங்கே தண்டிக்கப்படுகிறார்களோ, அங்கே மனித உரிமைகள் மீறப்படுகின்றன என்பது அதிலுள்ள வாசகத்தின் சாரம். ‘தண்டிக்கப்படுகிறார்கள்’ என்ற வினையைப் பாருங்கள். தண்டனை இருந்தால் விதித்தவன் ஒருவன் இருந்தாக வேண்டும். ரெசின்ஸ்கியே ஏழை வீட்டுப் பிள்ளை. பாரிஸுக்கு அருகே வீடற்றோர் முகாமுக்குப் போனவர், அங்கே நடந்த இலவச சூப் விநியோகத்தை நிறுத்திவிட்டு நூலகம் திறந்தார். அந்த மனிதருக்கு எவ்வளவு துணிச்சல் இருந்திருக்க வேண்டும்! அந்த அக்டோபர் 17தான் 1992இல் ஐ.நா.வின் வறுமை ஒழிப்பு நாளானது.

சட்டத்திலும் எழுவாய் உண்டு. 1966ஆம் ஆண்டின் ஐ.நா. பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையில் அது அரசு. படிப்படியாகச் செய்தால் போதும் என்று ஒரு சலுகை இருக்கிறது, எல்லா அரசுகளும் அதன் பின்னால்தான் ஒளிந்துகொள்கின்றன. அப்புறம் 1990இல் அதன் கண்காணிப்புக் குழு ஒரு கதவை அடைத்தது: உணவு, அடிப்படை மருத்துவம், உறைவிடம், தொடக்கக் கல்வி இவை பெருந்தொகையானோருக்கு இல்லாத நாட்டில், கையிலிருந்த வளத்தையெல்லாம் முன்னுரிமை தந்து செலவிட்டேன் என்று அரசுதான் நிரூபிக்க வேண்டும். கூண்டில் யார் நிற்கிறார்கள் என்று இப்போது தெரிகிறதா?

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வயதில் நானும் இதை மேடைப்பேச்சு என்றுதான் சொல்லியிருப்பேன், சிறுவயதில் பார்த்த ஒரு காட்சி மட்டும் இல்லையென்றால்.

உதவித்தொகைக்கு மனுக்கொடுக்க அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் போனாள். மரியாதையாக இருக்க வேண்டும் என்று தன்னிடமிருந்த ஒரே நல்ல துணியை உடுத்தியிருந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் மேலும் கீழும் பார்த்தார். “இப்படி உடுத்துகிறவளுக்கு என்ன கஷ்டம்?” என்றார், வரிசை முழுவதும் கேட்கும்படி. அம்மா பதில் பேசவில்லை. மனுவை நாலாக மடித்து என் சட்டைப் பையில் வைத்தாள்.

வறியவர்களை இழிவுபடுத்தாமல் நடத்துவது அரசின் கடமை என்று 2012இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. அதை வாசித்தபோது எனக்கு அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது.

மறுவாரம் அம்மா கிழிந்த துணியோடு போனாள். வீட்டில் அவளே உட்கார்ந்து தோளருகே இன்னும் கொஞ்சம் கிழித்துக்கொண்டதை நான் பார்த்தேன். அன்று கையெழுத்துக் கிடைத்தது.