பறவைக் குரல்களைக் கைப்பேசியில் ஏற்றுவது எப்படி?

காட்டில் இணையம் கிடைக்காது, பறவைக் குரல்களை முன்கூட்டியே கைப்பேசியில் சேமிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். 2005இல் தொடங்கிய சீனோ-கான்டோ தளத்தில் உலகெங்கும் பதிவான குரல்கள், பெரும்பாலும் எம்பி3 கோப்புகளாக, இலவசமாகக் கிடைக்கின்றன. கணினியில் இறக்கி, யுஎஸ்பி கம்பியால் இணைத்துத் தனிக் கோப்புறையில் போடுங்கள். பாட்டுகளோடு கலந்துவிட்டால் பஸ்ஸில் இளையராஜாவுக்கு நடுவே ஆந்தை அலறும், எனக்கு அலறியது.

சிக்கல் பெயரில்தான். கோப்புப் பெயர் எக்ஸ்சி என்ற எழுத்துகளும் எண்ணுமாகத் தொடங்கும். அப்படியே விட்டால், நீங்கள் தேடி எடுப்பதற்குள் குக்குறுவான் பறந்துவிடும். 'குக்குறுவான் - பாட்டு' என்பதுபோல் மாற்றுங்கள். சில கருவிகள் கோப்புப் பெயரை விட்டுவிட்டு உள்ளே பதிந்த தலைப்பையே காட்டும், அதையும் திருத்துங்கள்.

இயர்போனில் மட்டும் கேளுங்கள். ஒலிபெருக்கியில் போட்டால், எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதாக எண்ணி, ஆண் பறவை வேலையை விட்டுவிட்டுச் சண்டைக்கு வரும்.