பொரியலில் பொரிவது எது?

அடுக்களைச் சொற்களையும் பாத்திரங்களையும் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுள் நான்கு கேள்விகளுக்கு இம்முறை விடையளிக்கிறோம்.

கேள்வி: பீன்ஸ் பொரியலுக்குக் காயை எண்ணெயில் பொரிப்பதில்லை, பொரித்த குழம்பிலும் அப்படித்தான். பிறகு எதற்கு அந்தப் பெயர்கள்? வதக்கு, வறு, பொரி ஆகிய மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: இன்றைய சமையல் குறிப்புகளில் ‘பொரி’ என்றால், பண்டம் மூழ்கும் அளவுக்குக் காய்ந்த எண்ணெயில் போட்டெடுப்பது என்றே பொருள், ஆனால் அந்தச் சொல் எண்ணெய்க்கு மட்டும் உரியதன்று. சுடுமணலில் நெல் வெடித்துப் பூப்பதும் பொரிவதுதான், கடுகு சடசடப்பதும் பொரிவதுதான், ஓட்டை உடைத்துக்கொண்டு கோழிக்குஞ்சு வெளிவருவதைக்கூடக் குஞ்சு பொரித்தல் என்றே சொல்கிறோம். ஆகவே பொரியலில் பொரிவது பீன்ஸ் அன்று, தாளிப்பில் விழும் கடுகுதான் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதைச் சொல்லாராய்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பொரித்த குழம்போ, மிளகு, சீரகம், உளுத்தம்பருப்பு ஆகியவற்றை வறுத்துத் தேங்காயோடு அரைத்து, வெந்த பருப்பிலும் காயிலும் கலந்து, புளி சேர்க்காமல் கொதிக்க வைப்பது. பெயரை நம்பி எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றிவிடாதீர்கள்.

வதக்குவதையும் வறுப்பதையும் பிரிப்பது ஈரம். வதக்கும்போது சிறிதளவு எண்ணெயில், காய் தன் ஈரத்திலேயே துவள வேண்டும். வெங்காயம் கண்ணாடிபோல ஆகிவிட்டால் வதங்கிவிட்டது என்று பொருள், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்தால் ஈரம் விரைவில் வெளிப்பட்டு இன்னும் சீக்கிரம் வதங்கும். வறுக்கும்போது அந்த ஈரம் வற்றி, மணமும் நிறமும் ஏற வேண்டும். ரவையை வறுக்கிறோம், வதக்குவதில்லை. உருளைக்கிழங்கு வறுவல் மட்டும் வதங்கலில் தொடங்கி வறுபடுவதில் முடிகிறது. பாதியில் மூடி போட்டால் அது மறுபடியும் வதக்கலாகிவிடும்.

கேள்வி: தாளிக்கும்போது எதை முதலில் போடுவது? எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் என்ன? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: கடுகு வெடிப்பதற்கு நல்ல சூடு வேண்டும், உளுத்தம்பருப்பு அதைவிடக் குறைந்த சூட்டிலேயே சிவந்துவிடும், மிளகாய் வற்றலும் பெருங்காயமும் சில நொடிகளில் கருகிவிடும். எனவே எண்ணெய் காய்ந்ததும் கடுகு, அது வெடிக்கத் தொடங்கியதும் உளுத்தம்பருப்பு, பிறகு மிளகாய், கடைசியில் பெருங்காயமும் கறிவேப்பிலையும் என்ற வரிசை. வெந்தயம் போடுவதானால் அதை எப்போதும் கண்ணெதிரே வைத்திருங்கள். ஒருநாள் தொலைபேசியில் பேசிக்கொண்டே தாளித்து, வெந்தயத்தைக் கருக விட்டு, ஆறு பேருக்கான வற்றல் குழம்பை வாயில் வைக்க முடியாத கசப்பாக்கினேன். வெல்லம் போட்டும் அது மீளவில்லை.

கேள்வி: பாட்டி கொடுத்த ஈயச் சொம்பை ரசம் வைக்க அடுப்பில் ஏற்றினேன், அடிப்பகுதி உருகி ஒழுகிவிட்டது. பாத்திரம் போலியா? ஈயம் நஞ்சு என்கிறார்களே? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: உருகியது போலி என்பதற்குச் சான்றன்று. ஈயம் என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு உலோகங்களைக் குறிக்கிறோம். ரசச் சொம்புக்கு உரியது வெள்ளீயம். அது ஏறத்தாழ 232 டிகிரி செல்சியசில் உருகும், அடுப்புத் தீயோ அதைவிடப் பல மடங்கு சூடானது. சொம்பில் புளித்தண்ணீர் இருக்கும்வரை உலோகத்தின் சூடு நீரின் கொதிநிலையான 100 டிகிரியை ஒட்டியே நிற்பதால் பாத்திரம் தப்பிக்கிறது. வெறும் சொம்பை ஏற்றினாலும், தீ நீர்மட்டத்துக்கு மேலே ஏறித் தழுவினாலும், ரசம் வற்றினாலும் உருகிவிடும். ஆகவே முதலில் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகே சிறு தீயில் வையுங்கள். தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து, சொம்பை இறக்கிய பின் கொட்டுங்கள்.

மற்றொன்று காரீயம். அதுதான் நஞ்சு, புளிப்பு அதைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும், உடலில் சேர்ந்தால் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வெள்ளைத்தாளில் தேய்த்தால் காரீயம் சாம்பல் நிறக் கோடு விடும் என்று சிலர் பார்ப்பார்கள். ஆனால் வெள்ளீயத்தில் சிறிதளவு காரீயம் கலந்திருந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்காது. எங்கே வாங்கியது, யார் வார்த்தது என்று தெரியாத சொம்பில், எவ்வளவு மணமான ரசம் கிடைத்தாலும், நான் சமைக்க மாட்டேன். உங்கள் சொம்பைப் புதிதாக வார்ப்பதானால், உலோகக் கலவையை ஆய்வகத்தில் சோதித்தபின் வார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: புடைப்பதும் கொழிப்பதும் ஒன்றுதானா? (ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. முறத்தை மேலும் கீழுமாகத் தட்டி உமியையும் தூசியையும் காற்றில் பறக்கவிடுவது புடைத்தல். முறத்தைப் பக்கவாட்டில் மெல்ல அசைத்து, கல்லும் குருணையும் ஒதுங்கும்படி செய்வது கொழித்தல். உங்கள் ஊரில் முறத்தைச் சுளகு என்பார்கள், வேலை அதேதான். பையில் அடைத்து விற்கும் அரிசியில் உமியும் தூசியும் அரிது என்பதால் புடைப்பதற்குத் தேவை குறைந்துவிட்டது, ஆனால் மொத்தமாக வாங்கும் உளுந்தையும் கேழ்வரகையும் ஒருமுறை கொழித்துவிட்டு ஊறவைப்பதே நல்லது.