நண்பர் மகனின் ஆவரேஜ்

வணக்கம் சார்,

டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகன் பத்தாம் வகுப்பு, பள்ளியின் ஜேவி (இரண்டாம் நிலை) பேஸ்பால் அணியில் தேர்ட் பேஸ் ஃபீல்டராக ஆடுகிறான், அவ்வப்போது பிட்சிங், அதாவது பந்து வீசுவதும் உண்டு. என் நண்பரின் மகனும் அதே அணிதான். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் நண்பர் ஸ்கோர் செயலியைத் திறந்து பேட்டிங் ஆவரேஜ் வாசிக்கிறார்: அவர் பையன் .380, என் பையன் .260. அவன் 82 மைல் வேகத்தில் வீசுகிறான், இவன் 74. "டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் டீம்ல பிட்சர் நம்ம குமார் ராக்கர் இல்லையா, நம்ம பசங்களாலயும் முடியும், நீங்கதான் செலவு பண்ண மாட்டேங்கறீங்க" என்கிறார். காரில் திரும்பும்போது நானும் மகனிடம் அதையே ஆரம்பித்துவிடுகிறேன். தனிப் பயிற்சியாளர், வேகத்தைக் கூட்டும் பயிற்சி இதிலெல்லாம் பணம் போடத்தான் வேண்டுமா?

ர.

அன்புள்ள ர.,

பணத்தைப் பற்றி அப்புறம். முதலில் அந்த .380. ஜேவி பையனுக்கு ஒரு சீசனில் ஐம்பது அட்-பேட் (மட்டை பிடிக்கும் முறை) என்று வைத்துக்கொள்வோம். .380 என்றால் 19 ஹிட், அதாவது பந்தை அடித்து பேஸை எட்டியது 19 முறை, .260 என்றால் 13. மூன்று மாதத்தில் ஆறே ஆறு ஹிட் வித்தியாசம், இதற்குத்தான் உங்கள் வீட்டில் சாப்பாட்டு மேஜை வரை பேச்சு. அந்த ஆறையும் யார் எழுதினார்கள் என்று பாருங்கள். ஜேவி ஆட்டத்தில் செயலியில் ஸ்கோர் போடுவது பெரும்பாலும் அணியில் ஆடும் ஏதோ ஒரு பையனின் அப்பாவோ அம்மாவோதான். வேகமாக உருண்டு வந்த பந்தை ஷார்ட்ஸ்டாப் இடத்தில் நிற்கும் ஃபீல்டர் தவறவிட்டால் அது அடித்தவனின் ஹிட்டா, ஃபீல்டரின் பிழையான எரரா என்று முடிவு செய்வது அவர் கட்டைவிரல். தெரிந்த பையன் அடித்தது என்றால் அந்த விரல் எந்தப் பக்கம் போகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தவிர, உங்கள் மகன் பொறுமையாக நின்று நாலு மோசமான பந்துகளை விட்டுவிட்டு வாக் வாங்கி, அதாவது அடிக்காமலே முதல் பேஸுக்குப் போனால் ஆவரேஜில் அது ஏறவே ஏறாது, ஆனால் அணிக்கு அவன் பேஸில் நிற்கிறான், அதுதானே வேண்டும். வாக்கையும் சேர்த்து எண்ணும் ஆன்-பேஸ் சதவீதம் அதே செயலியில் பக்கத்திலேயே இருக்கிறது. உங்கள் நண்பர் அதை ஏன் வாசிப்பதில்லை என்று தெரியவில்லை, ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை ஒப்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கேயாவது எல்லாரும் ஒரே கேள்வித்தாள் எழுதினார்கள். இங்கே ஒருவன் நல்ல பிட்சரைச் சந்தித்த நாளில் மற்றவன் பெஞ்சில் இருந்திருப்பான்.

கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஜேவி ஆவரேஜைப் பார்த்து ஆள் எடுப்பதில்லை. ஓட்ட வேகம், கை பலம், உடல்வாகு, பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகம் என்று போகும், படிப்பையும் பார்ப்பார்கள். உதவித்தொகைக் கனவு இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: சமீபகாலம் வரை கல்லூரி விளையாட்டின் மேல்மட்டமான டிவிஷன் ஒன் பேஸ்பால் அணி ஒன்றுக்கு மொத்தமே 11.7 உதவித்தொகைகள்தான், அதை 27 பேர் வரை பங்கு போட்டுக்கொண்டார்கள். 2025-இல் விதி மாறியிருக்கிறது, ஆனாலும் எல்லாப் பல்கலைக்கழகமும் அள்ளிக் கொடுக்கப் போவதில்லை. கல்லூரிச் செலவைத் திருப்பி எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில் தனிப் பயிற்சிக்குப் பணம் கட்டாதீர்கள். அவனே கேட்டால், கட்டுப்படியானால், கட்டுங்கள்.

குமார் ராக்கரை உங்கள் நண்பர் பாதிதான் சொல்லியிருக்கிறார். அம்மா இந்திய வம்சாவளி, சரி. அப்பா ட்ரேசி ராக்கர் அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆடியவர், அதை விட்டுவிட்டார். அந்தப் பையனை 2021-இல் புது வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் நியூயார்க் மெட்ஸ் அணி பத்தாவது ஆளாகத் தேர்ந்தெடுத்து, மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ஒப்பந்தம் போடாமல் விட்டது. மறு வருடம் ரேஞ்சர்ஸ் மூன்றாவதாக எடுத்தது, 2023-இல் முழங்கை அறுவை சிகிச்சை, 2024 செப்டம்பரில்தான் முதல் மேஜர் லீக் ஆட்டம். அவ்வளவு பெரிய உடம்புக்கே இந்தக் கதை.

அதனால்தான் 82, 74 என்று நீங்கள் எழுதிய வரி என்னை ஆவரேஜை விட அதிகமாகக் கவலைப்படுத்தியது. பிட்சர்களின் காயங்கள் பற்றி மேஜர் லீக் பேஸ்பால் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கை, வேகத்தைத் துரத்துவதை முக்கியக் காரணமாகச் சொன்னது, அது பள்ளி வயதிலேயே தொடங்கிவிடுகிறது என்றும் சொன்னது. பத்தாம் வகுப்பில் ஒரு பையனுக்கு மீசை வந்திருக்கும், இன்னொருவன் இனிமேல்தான் வளர வேண்டும். எட்டு மைலில் பாதி அந்த வளர்ச்சியாகவே இருக்கலாம். காரில் கேட்பதை இன்றோடு விடுங்கள். மூன்று முறை அவுட் ஆனவனுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

கணக்குப் பார்த்தே பழகிவிட்டது என்றால் பந்துகளை எண்ணுங்கள். இளம் பிட்சர்களுக்கான பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 15, 16 வயதுக்கு ஒரு நாளில் 95 பந்துக்கு மேல் கூடாது என்கிறது, 76-ஐத் தொட்டாலே நான்கு நாள் ஓய்வு. வருடத்தில் குறைந்தது நான்கு மாதம் போட்டிகளில் பிட்சிங்கே கூடாது. 2017 முதல் பள்ளி ஆட்டங்களுக்குப் பந்து எண்ணிக்கை விதி இருக்கிறது, ஆனால் பள்ளிப் பயிற்சியாளர் பள்ளிக் கணக்கைத்தான் பார்ப்பார். வசந்தத்தில் பள்ளி, கோடையிலும் இலையுதிர்காலத்திலும் பள்ளிக்கு வெளியே ஆடும் டிராவல் டீம், குளிர்காலத்தில் வேகப் பயிற்சி என்று போனால் அந்த நான்கு மாதம் எங்கே வரும்? மொத்தத்தையும் கூட்டிப் பார்க்க வீட்டில்தான் ஆள் வேண்டும். முழங்கை வலிக்கிறது என்றால் அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். இதையெல்லாம் உங்கள் நண்பரிடமும் சொல்லிவிடுங்கள், 82 வீசுகிறவன் அவர் பையன்தானே.