டிவியில தெரியுது, போன்ல தெரியல: கேமரா கேள்வி பதில்

சேலத்துல 14 வருஷமா கேமரா மாட்டற வேலை பார்க்கறேன். இன்னிக்கு ஞாயிறு, கடை லீவு. மத்தியானம் 2 மணியிலிருந்து இருட்டற வரைக்கும் கேளுங்க. வீடு, பட்டறை, தோட்டம், எங்க இருந்தாலும் சரி, நெட்வொர்க்குக்குள்ள கேமராவோ ரெக்கார்டரோ சிக்க மாட்டேங்குதுன்னா சொல்றேன். எந்தக் கம்பெனி நல்லதுன்னு மட்டும் கேட்காதீங்க, சண்டைதான் வரும்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: அண்ணா, போன வாரம் நெட் கனெக்‌ஷன் மாத்தினோம். அன்னிலிருந்து டிவியில 8 கேமராவும் பளிச்சுனு தெரியுது, போன்ல ஆஃப்லைன். லேப்டாப்ல ரெக்கார்டரோட பழைய ஐபி (நெட்வொர்க் அட்ரஸ் நம்பர்) போட்டாலும் வரல. ரெக்கார்டர் போச்சா?

பதில்: போகல. டிவியில படம் வருதுன்னா கேமரா, வயர், ரெக்கார்டர் மூணும் நல்லா இருக்கு. மாறினது ரவுட்டர் மட்டும்தான்.

பழைய ரவுட்டர் 192.168.1.1-ஆ இருந்திருக்கும். மாட்டினவர் ரெக்கார்டருக்குக் கையால 192.168.1.50 மாதிரி ஒரு நம்பர் போட்டுட்டுப் போயிருப்பார். புது ரவுட்டர் 192.168.29 வரிசையில நம்பர் கொடுக்குதுன்னு வெச்சுக்கோங்க. நீங்க வீடு மாறிட்டீங்க, ரெக்கார்டர் இன்னும் பழைய தெருவுலயே நின்னுட்டு இருக்கு.

ரெக்கார்டர்ல மவுஸ் சொருகி, மெனுவுல நெட்வொர்க் போங்க. ஐபி, கேட்வே (வெளிய போற வாசல், அதாவது ரவுட்டரோட நம்பர்), டிஎன்எஸ் (இணையப் பேரை நம்பரா மாத்தித் தர்ற சர்வர்) மூணையும் பேப்பர்ல எழுதிக்கோங்க. போன்ல வைஃபை பேரை அழுத்தினா போனோட ஐபி காட்டும். ரெண்டுலயும் முதல் மூணு எண் ஒண்ணா இருக்கணும். இல்லன்னா ரெக்கார்டர்ல டிஹெச்சிபி (ரவுட்டரே நம்பர் கொடுக்கற முறை) ஆன் பண்ணி சேவ் பண்ணுங்க, ஒரு நிமிஷத்துல புது நம்பர் வாங்கிக்கும். சிலர் ஐபியை மட்டும் கையால மாத்திட்டு கேட்வே, டிஎன்எஸ்ஸைப் பழசாவே விட்டுடுவாங்க. அப்போ பட்டறைக்குள்ள தெரியும், வெளியூர் போனா ஆஃப்லைன். பாதிப் பேர் கோட்டை விடறது இங்கதான்.

அப்புறம் ரவுட்டருக்குள்ள போய், ரெக்கார்டரோட மேக் அட்ரஸுக்கு (அந்தப் பெட்டிக்கே உரிய மாறாத அடையாள நம்பர்) அந்த ஐபியை நிரந்தரமா ஒதுக்கிடுங்க. கடைசியா அந்த நம்பரை ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி ரெக்கார்டர் தலையில ஒட்டுங்க. இதை நான் இன்னிக்கு அஞ்சாறு தடவை சொல்லப் போறேன், பொறுத்துக்கோங்க.

ஃபேர்லேண்ட்ஸ்: எனக்கு நேர் எதிர் சார். வெளிய மொபைல் டேட்டாவுல அருமையா தெரியுது. வீட்டு வைஃபைக்குள்ள வந்தா கட்.

பதில்: யாரோ உங்க ரவுட்டர்ல போர்ட் ஃபார்வர்ட் பண்ணியிருக்காங்க, அதாவது இணையத்துல இருந்து நேரா ரெக்கார்டருக்கு ஒரு கதவைத் திறந்து வெச்சிருக்காங்க. ஆப்புக்குள்ள வெளி அட்ரஸ் இருக்கு. வீட்டுக்குள்ள இருந்து அந்த வெளி அட்ரஸைக் கூப்பிட்டா, திருப்பி உள்ளயே அனுப்பத் தெரியாத ரவுட்டர்கள் உண்டு. ஆப்ல அதே ரெக்கார்டரை உள் ஐபியோட இன்னொரு தடவை சேருங்க, வீட்டுல தெரியும்.

ஆனா அதை விட முக்கியம், அந்தப் போர்ட்டை மூடுங்க. 2016-ல மிராய்னு ஒரு கெட்ட புரோகிராம் வந்தது. தொழிற்சாலை பாஸ்வேர்டோட இணையத்துல திறந்து கிடந்த கேமரா, ரெக்கார்டர், ரவுட்டரையெல்லாம் தேடிப் புடிச்சு அடிமையாக்குச்சு. அந்த அக்டோபர்ல அதுங்களை வெச்சே டைன்ங்கற டிஎன்எஸ் கம்பெனியை அடிச்சு, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் முடங்கிச்சு. வெளிய இருந்து பார்க்க, ரெக்கார்டரோட க்யூஆர் கோடை கம்பெனி ஆப்ல ஸ்கேன் பண்ணிச் சேர்க்கற முறை போதும். இன்னும் கெட்டியா வேணும்னா ரவுட்டர்ல விபிஎன் (வெளிய இருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள்ள வர்ற பூட்டின வழி) போட்டுக்கோங்க. போர்ட் மட்டும் திறக்காதீங்க.

கொண்டலாம்பட்டி, தறிக்கூடம்: அட்மின் பாஸ்வேர்ட் மறந்துடுச்சுங்க.

பதில்: சும்மா போட்டுப் பார்க்காதீங்க, சில தடவை தப்பானா அரை மணி நேரம் பூட்டிக்கும். வாங்கின டீலர்கிட்ட பில்லும் சீரியல் நம்பரும் கொண்டு போங்க. கம்பெனி மூலமா ரீசெட் ஃபைல் வாங்கித் தருவார்.

ஏற்காடு, நாகலூர் பக்கம் காபித் தோட்டம்: வணக்கம்ங்க. பங்களாவிலிருந்து காபி காயப்போடற களத்துக்கு ஒரு கேமரா, சுமார் 180 மீட்டர் லேன் கேபிள், அதே கேபிள்லயே கரண்டும் அனுப்பற பிஓஇ ஸ்விட்ச். பகல்ல படம் ஓடுது. சாயந்தரம் ஆறரை ஆனா போயிடுது, காலையில தானா வருது. ரெக்கார்டர்ல ‘நெட்வொர்க் அன்ரீச்சபிள்’னு வருது. ஐபி எல்லாம் சரியாத்தான் இருக்கு.

பதில்: ஆறரைன்னு சொன்னீங்களே, அதுலயே பதில் இருக்கு. இருட்டினதும் கேமரா இன்ஃப்ராரெட் விளக்கைப் போடும், கரண்ட் இழுக்கறது கூடும். லேன் கேபிளுக்குக் கணக்கு 100 மீட்டர். 180 மீட்டர் போய்ச் சேரும்போது வோல்டேஜ் சோர்ந்து போயிடும். பகல்ல அது தாக்குப் பிடிக்கும், விளக்கு போட்டதும் கேமரா ரீஸ்டார்ட் ஆகும், மறுபடி விளக்கு போடும், மறுபடி விழும். விடிய விடிய இதே கூத்து.

கேபிள் நுனியில ஒரு கம்பியைப் பிளேடால சுரண்டிப் பாருங்க. உள்ள செம்பு நிறமே இருந்தா செம்பு. வெள்ளையாத் தெரிஞ்சா செம்பு பூசின அலுமினியம். வெள்ளியைப் பார்த்துச் சந்தோஷப்படற ஊருதான் நம்ம ஊரு, கேபிள்ல மட்டும் வேண்டாம். அலுமினியம்னா கரண்ட் வழியிலயே இன்னும் அதிகமாத் தேயும்.

இருட்டற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ஆள் அனுப்பி கேமராவை ஒரு சாக்கால இறுக்கி மூடச் சொல்லுங்க. ராத்திரின்னு நெனச்சு விளக்கைப் போடும். அப்போ கட் ஆனா நான் சொன்னதுதான். நான் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர்ற செலவும் மிச்சம்.

அஸ்தம்பட்டி, நானும் இதே தொழில்: அண்ணே, ஸ்விட்ச்ல ‘எக்ஸ்டெண்ட்’ பட்டனைத் தட்டினா 250 மீட்டர் போகுமே. நான் 160 மீட்டர் ஓட்டி ரெண்டு வருஷம் ஆச்சு, அசையல. எதுக்கு அவரை பயமுறுத்தறீங்க?

பதில்: தம்பி, அந்தப் பட்டன் வேகத்தை 100-லிருந்து 10 மெகாபிட்டுக்குக் குறைச்சுத்தான் தூரம் வாங்குது. ஒரு கேமராவுக்கு 10 போதும், அதுல தகராறு இல்ல. ஆனா கம்பியில தேயற கரண்டைப் பட்டன் திருப்பித் தராது. உங்க 160 மீட்டர் நல்ல செம்பா இருக்கும், கேமராவும் சின்னதா இருக்கும்.

அஸ்தம்பட்டி: செம்புதான். அப்போ செம்பு இழுத்தா முடிஞ்சுதே?

பதில்: உங்க 160 மீட்டர் சேலத்துல ஒரே கட்டடத்துக்குள்ள. அவரது மலை மேல, ரெண்டு கட்டடத்துக்கு நடுவுல வெட்டவெளி. சித்திரை, வைகாசி இடி மின்னல்ல அங்க ஒரு தடவை நின்னு பாருங்க. நான் தொழிலுக்கு வந்த புதுசுல ஒரு தோட்டத்துல இதே மாதிரி செம்பு இழுத்தேன். ஒரே மின்னல். கேமரா, 16 போர்ட் ஸ்விட்ச், ரெக்கார்டர் எல்லாம் ஒரே வரிசையில போச்சு. ஸ்விட்சைத் திறந்தா கருகின வாடை. என் கைக்காசுதான். அன்னிலிருந்து கட்டடம் விட்டுக் கட்டடம்னா ஃபைபர்தான். கண்ணாடி இழை, மின்னல் அதுல ஏறாது. ஆனா தாங்கறதுக்குக் கூடவே இரும்புக் கம்பி ஓடற ஃபைபரும் இருக்கு, அது வேண்டாம்.

அஸ்தம்பட்டி: ஃபைபர்ல கரண்ட் போகாதே அண்ணே. களத்துல யார் கொடுப்பா?

பதில்: நியாயமான கேள்வி. களத்துக்குப் பக்கத்துல மூட்டை அடுக்கற கொட்டகையில லைட்டு கட்டாயம் இருக்கும். அங்க ஃபைபரை லேன் கேபிளுக்கு மாத்தற மீடியா கன்வெர்ட்டர் ஒண்ணு, சின்ன பிஓஇ ஸ்விட்ச், எர்த்.

அயோத்தியாபட்டணம்: கேபிளுக்குப் பதிலா ரெண்டு பக்கமும் ஆன்டெனா வெச்சு வயர்லெஸ் பிரிட்ஜ் போட்டா? பனியில சிக்னல் போயிடுமோ?

பதில்: மூடுபனிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் பெருசா அசையாது. நடுவுல நிக்கற சில்வர் ஓக் மரத்துக்கு அசையும். இங்கிருந்து அங்க ஆன்டெனா நேரா கண்ணுக்குத் தெரிஞ்சா போடலாம். பனியில படம் வெள்ளையாப் போறது வேற கதை, கேமரா விளக்கோட வெளிச்சம் பனித்துளியில பட்டுத் திரும்பறது.

அம்மாபேட்டை: பாஸ்வேர்ட் மறந்துட்டேன், என்ன செய்ய?

பதில்: மேல கொண்டலாம்பட்டிக்குச் சொன்னதுதான்.

சூரமங்கலம்: கேமரா ஐபி 169.254-ல ஆரம்பிக்குது.

பதில்: ரவுட்டர் நம்பர் கொடுக்கல, அதுவா ஒண்ணு வெச்சுக்கிச்சு. கேபிள் ரவுட்டர் வரைக்கும் போகுதான்னு பாருங்க.

ஓமலூர்: ரெக்கார்டர் ஐபியை பிரவுசர்ல போட்டா பிளகின் கேட்குது, படம் வரல.

பதில்: பழைய ரெக்கார்டர். அது தேடற இன்டர்நெட் எக்ஸ்புளோரர் (ஐஈ) பிரவுசர் 2022 ஜூன்லயே ஓய்வு பெற்றுடுச்சு. எட்ஜ்ல ஐஈ மோடு போடுங்க, இல்லன்னா கம்பெனியோட கம்ப்யூட்டர் சாஃப்ட்வேர்.

ஆத்தூர் ரோடு, ஜவ்வரிசி ஆலை: ஒரு கம்பெனி ரெக்கார்டர்ல வேற கம்பெனி கேமரா சேர்க்கறேன், ஆன்விஃப்ல (கம்பெனி விட்டுக் கம்பெனி பேசிக்கற பொது முறை). கேமரா லிஸ்டுல வருது. பாஸ்வேர்ட் சரியாத்தான் போடறேன், தப்புன்னே சொல்லுது. பிரவுசர்ல அதே பாஸ்வேர்ட் உள்ள விடுது.

பதில்: இன்னிக்கு வந்ததுல ருசியான கேள்வி. ரெண்டு இடம் பாருங்க. ஒண்ணு, பல கேமராவுல ஆன்விஃபுக்குத் தனி யூசர் உருவாக்கணும், அட்மின் பாஸ்வேர்ட் அங்க செல்லாது. ரெண்டாவது யாருக்கும் தோணாது: கேமரா கடிகாரம். ஆன்விஃப்ல பாஸ்வேர்டை நேரத்தோட சேர்த்துக் குழைச்சுத்தான் அனுப்பும். கேமரா இன்னும் 1970-ல இருந்துச்சுன்னா சரியான பாஸ்வேர்டையும் தள்ளிவிடும். ரெண்டுலயும் நேர மண்டலம் 5:30, தேதி ஒண்ணா வெச்சுட்டு மறுபடி சேருங்க. ஆமா, ஐபியை எழுதி ஒட்டிட்டீங்களா?

குகை: 8 கேமரா, 2 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு மாசம் நிக்குமா?

பதில்: கேமராவுக்கு செகண்டுக்கு 4 மெகாபிட்னா நாளைக்கு 43 ஜிபி. எட்டுக்கு 345. ஆறு நாள் கூட முழுசா வராது. வீடியோவை இன்னும் சுருக்கற ஹெச் 265-க்கு மாத்தி, ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் பதியற மாதிரி வைங்க.

பெயர் வேண்டாம்: எதிர் வீட்டு கேமரா எங்க வாசலையே பார்க்குது. ஹேக் பண்ணித் திருப்ப முடியுமா?

பதில்: முடியாது, கூடாது. நேர்ல பேசுங்க, ஆகலைன்னா ஸ்டேஷன்.

மேட்டூர் ரோடு: அட்மின் பாஸ்வேர்ட்…

பதில்: மேல படிங்க சாமி.

ஏற்காடு, காபித் தோட்டம்: சாக்கு போட்டு மூடச் சொன்னேன்ங்க. ரெண்டு நிமிஷம் கூட ஆகல, கட். எடுத்ததும் வந்துடுச்சு. கம்பியைச் சுரண்டினா வெள்ளை.

அஸ்தம்பட்டி: சரிண்ணே, அலுமினியத்தை நான் எதிர்பார்க்கல.

பதில்: தம்பி, நீங்களே அவருக்கு ஃபைபர் இழுத்துக் கொடுங்க, எனக்கு வளைவு ஏறினா தலை சுத்தும். அவரும் அது வரைக்கும் கேமராவுல விளக்கை அணைச்சு வெச்சு, களத்துல ஒரு எல்இடி பல்பு எரிய விடட்டும்.