அமெரிக்காவுல டீசல் ஏன் பெட்ரோலை விட விலை ஜாஸ்தி? கேள்வி பதில்

கேள்வி எல்லாம் வரிசையா வந்துட்டே இருக்கு, ஒண்ணொண்ணா பதில் போடுறேன். நான் டெக்சாஸ் கடலோரத்துல ரிஃபைனரியில ப்ராசஸ் பக்கம் வேலை பார்த்தவன், அதனால அந்தப் பக்கம் கொஞ்சம் ஜாஸ்தியா பேசுவேன், பொறுத்துக்கோங்க.

கேள்வி (நியூஜெர்சி): அண்ணா, நான் இங்க வந்து ஆறு மாசம் தான் ஆகுது. சென்னையில டீசல் எப்பவும் பெட்ரோலை விட கம்மி. இங்க பம்புல போர்டை பார்த்தா தலைகீழா இருக்கு. என்ன கணக்கு இது?

பதில்: தம்பி, நம்ம ஊர்ல டீசல் கம்மியா இருக்கறதுக்கு காரணம் டேக்ஸ் தான், வேற ஒண்ணும் பெருசா இல்ல. 2022 மே மாசம் சென்ட்ரல் எக்சைஸை குறைச்சாங்களே, அப்போ கூட பெட்ரோலுக்கு லிட்டருக்கு 19.90 ரூபா, டீசலுக்கு 15.80 ரூபா. அதுக்கு மேல ஸ்டேட் போடுற வாட் (VAT) வரியும் டீசலுக்கு கம்மி. டேக்ஸ் ஏறுறதுக்கு முன்னாடி உள்ள விலையை எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாரு, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது, சில நேரம் டீசல் தான் கூட இருக்கும். நம்பலைன்னா 2020 டெல்லியை பாரு. மே மாசம் டெல்லி கவர்மெண்ட் டீசல் வாட்டை 16.75 சதவீதத்துல இருந்து ஒரே அடியா 30 சதவீதம் ஆக்கினாங்க, ஜூன் கடைசியில அங்க டீசல் பெட்ரோலை தாண்டிடுச்சு, ஜூலை முடியும்போது வாட்டை பழையபடி இறக்கினதும் மறுபடி கீழ வந்துடுச்சு. டீசல் அதே டீசல் தான்.

விவசாயி, லாரி, பஸ்ஸுக்கு போறதுன்னு ஊர்ல டீசலுக்கு சலுகை. இங்க ரோட்டுல ஓடுற வண்டிக்கான டீசலுக்கு அந்த சலுகை கிடையாது, சொல்லப்போனா உல்டா.

கேள்வி (ஒஹாயோ): அப்போ இங்க டேக்ஸ் ஜாஸ்தி, அதான் டீசல் விலை ஜாஸ்தி, மேட்டர் முடிஞ்சுதா?

பதில்: முடியல. எல்லாரும் இங்க தான் நிறுத்திடுறாங்க. ஃபெடரல் டேக்ஸ், அதாவது மத்திய அரசு வரி, பெட்ரோலுக்கு கேலனுக்கு (சுமாரா 3.8 லிட்டர்) 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட், வித்தியாசம் வெறும் 6 சென்ட். அந்த 6 சென்ட் 1984ல வந்தது, பெரிய ட்ரக்குக்கு வருஷா வருஷம் கட்டுற யூஸ் டேக்ஸ் ஏறப்போகுதுன்னு ட்ரக்கிங்காரங்க கத்தினாங்க, சரி அதை குறைச்சுக்கறோம் அதுக்கு பதிலா டீசல்ல எடுத்துக்கறோம்னு காங்கிரஸ், அதாவது அமெரிக்க பார்லிமெண்ட், பேசி முடிச்சது. ரோட்டை அதிகம் தேய்க்கிறவன் அதிகம் கட்டட்டும்ங்கற கணக்கு. மொத்த ரேட்டும் 1993க்கு அப்புறம் மாறவே இல்ல.

ஸ்டேட் டேக்ஸ்ல சில இடத்துல வித்தியாசம் பெருசு. பென்சில்வேனியாவுல 2024ல பெட்ரோலுக்கு 57.6 சென்ட், டீசலுக்கு 74.1 சென்ட். ஆனா 2022 நவம்பர்ல நாடு முழுக்க சராசரியில டீசலுக்கும் பெட்ரோலுக்கும் நடுவுல ஒன்றரை டாலருக்கு மேல இடைவெளி இருந்துச்சு. அன்னிக்கும் ஃபெடரல் டேக்ஸ் வித்தியாசம் அதே 6 சென்ட் தானே? மிச்சம் எங்க இருந்து வந்துச்சு? அதை தான் பேசணும்.

கேள்வி (ஹூஸ்டன்): டீசல் பெட்ரோல் அளவுக்கு ப்ராசஸ் பண்ண தேவையில்ல, காய்ச்சி வடிச்சா வந்துடும்னு காலேஜ்ல படிச்சேன். அப்போ அது சீப்பா தானே இருக்கணும்?

பதில்: நீங்க படிச்சது ஒரு காலத்துக்கு சரி. க்ரூடை, அதாவது கச்சா எண்ணெயை காய்ச்சினா டீசல் தானா பிரிஞ்சு வரும், பெட்ரோலுக்கு தான் க்ராக்கிங், ரிஃபார்மிங்னு ஆயிரம் வேலை. ஆனா அப்படி வர்ற டீசல்ல கந்தகம் இருக்கு. 1993ல அதை 500 பிபிஎம்முக்குள்ள கொண்டு வரணும்னு ரூல் வந்துச்சு, 2006ல ரோட்டுல ஓடுற வண்டிக்கான டீசல் 15 பிபிஎம்முக்கு மேல இருக்கக் கூடாதுன்னு இறுக்கிட்டாங்க, அப்புறம் ட்ராக்டர், ரயில் எஞ்சின், படகு வரைக்கும் அது போயிடுச்சு. 15 பிபிஎம்னா பத்து லட்சத்துல பதினஞ்சு பங்கு. இதுக்கு ஹைட்ரோட்ரீட்டர்னு ஒரு யூனிட், டீசலையும் ஹைட்ரஜனையும் சேர்த்து நல்ல சூட்டுல பயங்கர ப்ரஷர்ல கேட்டலிஸ்ட் மேல ஓட விடணும், கந்தகம் ஹைட்ரஜனோட சேர்ந்து வாயுவா பிரிஞ்சுடும். அந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுல இருந்து தயார் பண்ணணும், அதுக்கு தனி ப்ளாண்ட், வர்ற கந்தக வாயுவை சும்மா காத்துல விட முடியாது, அதுக்கு இன்னொரு ப்ளாண்ட். 500ல இருந்து 15க்கு வர்றது தான் படாத பாடு, சுலபமா வர்ற கந்தகம் எல்லாம் முதல்லயே வந்துடும், மிச்சம் இருக்கறது பிடிவாதம் பிடிக்கும். பைப்லைன்ல கூட தொல்லை, ஒரே குழாயில முன்னாடி கந்தகம் ஜாஸ்தியான சரக்கு போயிருந்தா பின்னால வர்ற சுத்த டீசல் கொஞ்சம் கெட்டுப்போகும், அதனால ரிஃபைனரியில 15க்கும் கீழ தான் வச்சு அனுப்புவாங்க.

இவ்ளோ சொன்னாலும் இதுவும் கேலனுக்கு சில சென்ட் சமாச்சாரம் தான். டாலர் கணக்கு இல்ல.

கேள்வி (நார்த் கரோலினா): அப்போ டீசலுக்கு டிமாண்ட் இருக்குன்னா ரிஃபைனரிக்காரன் பெட்ரோலை குறைச்சுட்டு டீசலை கூட்ட வேண்டியது தானே சார், லாபம் வருதுன்னா யாராவது விடுவாங்களா?

பதில்: ஆட்டை அடிச்சா ஈரல் எனக்கு நாலு கிலோ வேணும்னு கறிக்கடையில கேக்க முடியுமா? ஒரு பேரல்னா 42 கேலன். அமெரிக்க ரிஃபைனரியில அதுல இருந்து சுமாரா 19, 20 கேலன் பெட்ரோலும் 12 கேலன் பக்கம் டீசல், ஹீட்டிங் ஆயில் வகையும் வரும், மிச்சம் ஜெட் ஃப்யூல், எல்பிஜி, தார் இந்த மாதிரி. இதை அங்க இங்க கொஞ்சம் நகட்டலாம், வடிக்கிற டெம்பரேச்சரை மாத்தி ரெண்டுக்கும் நடுவுல இருக்கற சரக்கை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தள்ளலாம், ஆனா சில சதவீதம் தான். அதுக்கு மேல போகணும்னா புது ஹைட்ரோக்ராக்கர், அதாவது ஹைட்ரஜன் சேர்த்து கனமான எண்ணெயை டீசலா உடைக்கிற யூனிட், கட்டணும், கோடிக்கணக்கான டாலர், வருஷக்கணக்கான வேலை.

அமெரிக்க ரிஃபைனரிகளோட பிறவி குணம் என்னன்னா, எல்லாமே பெட்ரோலுக்காக கட்டினது. ஊரே பெட்ரோல் கார்ல ஓடுது, அதனால க்ராக்கர்ல போட்டு கனமான எண்ணெயை உடைச்சு பெட்ரோல் ஆக்குற மாதிரி தான் எல்லா இடத்துலயும் அமைப்பு. ஐரோப்பாவுல டீசல் காருக்கு டேக்ஸ் சலுகை குடுத்து ஜனங்களை அந்தப் பக்கம் திருப்பிட்டாங்க, அங்க டீசல் பத்தல, பெட்ரோல் மிச்சம். அதனால பல வருஷமா அங்க மிஞ்சுற பெட்ரோல் கப்பல்ல நியூயார்க் பக்கம் வரும், இங்க இருந்து டீசல் அங்க போகும். அப்படின்னா நீங்க ராலேயில பம்புல போடுற டீசலுக்கு ராட்டர்டாம்ல இருக்கறவனும், மெக்சிகோக்காரனும், பிரேசில்காரனும் போட்டி. தினமும் பத்து லட்சம் பேரல் கணக்குல டீசல் இங்க இருந்து வெளிய போகுது.

கேள்வி (சிகாகோ, 90கள்ல வந்தவர்): நான் வந்த புதுசுல டீசல் கம்மியா தான் இருந்துச்சு, நல்லா ஞாபகம் இருக்கு. எப்போ மாறுச்சு?

பதில்: உங்க ஞாபகம் சரி தான் சார். அப்பல்லாம் டீசல் பெரும்பாலும் கம்மி, குளிர்காலத்துல மட்டும் கொஞ்ச நாள் மேல போயிட்டு வரும். 2004 செப்டம்பர்ல இருந்து தான் ஏறக்குறைய நிரந்தரமா டீசல் மேல உக்காந்துடுச்சு. அந்த நேரத்துல சைனா வேகமா வளருது, ஃபேக்டரிக்கு, லாரிக்கு, ஜெனரேட்டருக்கு எல்லாம் டீசல். ஐரோப்பாவுல விக்கிற புது கார்ல பாதி டீசல் ஆகிட்டு இருக்கு. இங்க 15 பிபிஎம் ரூலுக்கு ரிஃபைனரி எல்லாம் தயாராகுது. மூணும் ஒண்ணா வந்துடுச்சு. 2008 ஜூலையில பெட்ரோல் 4.11 டாலர்ல நின்னுச்சு, டீசல் 4.76 வரைக்கும் போச்சு.

என்னைக் கேட்டா டீசல் விலையோட உண்மையான காரணம் இது தான்: பெட்ரோல் விலை ஏறினா ஜனங்க டூர் போறதை நிறுத்துவாங்க, கார்பூல் பண்ணுவாங்க. ட்ரக்காரன் என்ன பண்ணுவான்? தக்காளியும் பாலும் கடைக்கு போயே ஆகணும். அறுவடை நேரத்துல விவசாயி விலை குறையட்டும்னு காத்திருக்க முடியாது, ரயில் நிக்க முடியாது. வாங்கியே ஆகவேண்டியவன் கிட்ட சரக்கு கொஞ்சம் குறைஞ்சா கூட விலை பிச்சுக்கிட்டு ஏறும். 2020 ஜனவரியில இருந்து கப்பல் எண்ணெய்க்கும் கந்தக லிமிட் 3.5 சதவீதத்துல இருந்து 0.5க்கு இறங்கினதும் கப்பல்காரங்களும் டீசல் பக்கத்து சரக்குக்கு வரிசையில வந்துட்டாங்க.

கேள்வி (கலிஃபோர்னியா, ட்ரக் ஓட்டுறவர்): 2022ல 25 நாளைக்கு தான் டீசல் இருக்கு, அப்புறம் நாடே நிக்கும்னு வாட்ஸ்அப்ல சுத்துச்சே, அது புருடாவா நிஜமா? அந்த வருஷம் என் கை சுட்டது எனக்கு தான் தெரியும்.

பதில்: நம்பர் நிஜம், அர்த்தம் புருடா. கையிருப்பை ஒரு நாள் செலவால வகுத்தா 25 வந்துச்சு, ஆனா அது ரிஃபைனரி எல்லாத்தையும் இன்னிக்கே மூடிட்டா எத்தனை நாள் வரும்ங்கற கணக்கு. ரிஃபைனரி தினமும் ஓடிட்டு தானே இருக்கு. ஆனா அந்த சீசனுக்கு அது ரொம்ப கம்மி, அதுல பொய் இல்ல.

அந்த வருஷம் எல்லாமே ஒண்ணா வந்து விழுந்துச்சு. 2019 ஜூன்ல ஃபிலடெல்ஃபியாவுல ஒரு நாளைக்கு 3,35,000 பேரல் ஓடுற ரிஃபைனரி வெடிச்சு தீப்பிடிச்சு மூடிட்டாங்க, கிழக்கு கரையிலயே அது தான் பெருசு. கொரோனாவுல எண்ணெய் விக்காம இன்னும் சில ரிஃபைனரி மூடினாங்க, லூசியானாவுல கான்வென்ட்ல இருந்தது அதுல ஒண்ணு. மொத்தமா நாட்டோட கெபாசிட்டியில தினம் பத்து லட்சம் பேரல் பக்கம் போயிடுச்சு. அந்த நேரம் பார்த்து 2022 பிப்ரவரியில ரஷ்யா உக்ரைனுக்குள்ள நுழையுது. ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்ற டீசல்ல பெரிய பங்கு ரஷ்யா சரக்கு. எல்லாரும் வேற இடத்துல தேட ஆரம்பிச்சாங்க. ஜூன்ல இங்க பெட்ரோல் சராசரி 5 டாலரை தொட்டுச்சு, டீசல் 5.81. பெட்ரோல் அப்புறம் இறங்கிடுச்சு, டீசல் இறங்க மனசே வரல, அதான் நவம்பர்ல அவ்ளோ இடைவெளி.

நீங்க ஃப்யூல் சர்சார்ஜ், அதாவது டீசல் விலைக்கு ஏத்த மாதிரி வாடகைக்கு மேல குடுக்கற காசு, வாங்குறீங்கன்னா, எனர்ஜி டிபார்ட்மெண்ட் வாராவாரம் போடுற சராசரி விலையை தான் பெரும்பாலான காண்ட்ராக்ட் பிடிச்சுக்கும். அது நாட்டு சராசரியா, உங்க ஏரியா சராசரியான்னு காண்ட்ராக்ட்ல பாருங்க, கலிஃபோர்னியாவுல ஓடுறவருக்கு இது பெரிய காசு.

கேள்வி (பாஸ்டன்): குளிர்காலம் வந்தா டீசல் ஏறுது, பெட்ரோல் இறங்குது. ஏன்?

பதில்: உங்க ஊர்லயே பதில் இருக்கே. நியூ இங்லாண்ட்ல நிறைய வீட்டு பேஸ்மெண்ட்ல ஹீட்டிங் ஆயில் டேங்க் இருக்கும், அதுவும் டீசலும் ஒரே வகை எண்ணெய். பனி கொட்டினா வீடும் ட்ரக்கும் ஒரே சரக்குக்கு அடிச்சுக்கும். பெட்ரோலுக்கு சம்மர் தான் சீசன். அதோட குளிர்ல டீசல்ல மெழுகு உறையும், அதனால வட பக்கம் இலகுவான நம்பர் ஒன் டீசல் கலப்பாங்க, அது விலை கூட.

கேள்வி (அயோவா): பண்ணையில சிவப்பு டீசல்னு கம்மி விலையில போடுறாங்க. அதை என் பிக்கப்ல ஊத்தினா என்ன ஆகும்?

பதில்: வண்டிக்கு ஒண்ணும் ஆகாது, பர்ஸுக்கு ஆகும். அது ரோடு டேக்ஸ் கட்டாத டீசல், அடையாளத்துக்கு தான் சிவப்பு சாயம். ரோட்டுல பிடிச்சா ஃபெடரல் ஃபைன் 1,000 டாலர் இல்ல கேலனுக்கு 10 டாலர், எது ஜாஸ்தியோ அது. சாயம் டேங்க்ல லேசுல போகாது. வேண்டாம்.

கேள்வி (அட்லாண்டா): டீசல் பிக்கப் வாங்கலாம்னு இருக்கேன். லாபமா நஷ்டமா சொல்லுங்கண்ணா.

பதில்: ஒரு கேலன் டீசல்ல பெட்ரோலை விட 14 சதவீதம் பக்கம் சக்தி ஜாஸ்தி, எஞ்சினும் அதை நல்லா உபயோகிக்கும், மைலேஜ் மொத்தத்துல 20ல இருந்து 30 சதவீதம் கூட வரும். இப்போ உங்க ஏரியா பம்புல டீசல் எத்தனை சதவீதம் கூடன்னு பாருங்க. அதுவும் 25 சதவீதம்னா எண்ணெய் செலவு ரெண்டுக்கும் ஒண்ணு தான், டீசல் எஞ்சினுக்குன்னு வாங்கும்போது மேல குடுத்த ஆயிரக்கணக்கான டாலர் திரும்பி வராது. இதுல டெஃப், அதாவது புகையை சுத்தம் பண்ற யூரியா கலந்த திரவம், ஊத்தணும், ஃபில்டர் விலை ஜாஸ்தி. பெரிய ட்ரெய்லர், படகு எல்லாம் அடிக்கடி இழுக்குறீங்கன்னா டீசல் வாங்குங்க, கண்ணை மூடிட்டு. காஸ்ட்கோவுக்கும் கோயிலுக்கும் போறதுக்குன்னா எதுக்கு?

கேள்வி (சியாட்டில்): எல்லாரும் எலெக்ட்ரிக் காருக்கு போயிட்டா டீசல் விலையும் இறங்கிடும் தானே?

பதில்: இதுல தான் நிறைய பேர் ஏமாறப் போறாங்க. எலெக்ட்ரிக் கார் குறைக்கிறது பெட்ரோலை. தூரம் போற பெரிய ட்ரக், ட்ராக்டர், கப்பல் அவ்ளோ சீக்கிரம் மாறாது. பெட்ரோல் விக்காம ஒரு ரிஃபைனரி மூடினா அது போட்டுட்டு இருந்த டீசலும் சேர்ந்து தான் போகும். அதனால நடுவுல சில வருஷம் இடைவெளி கூடத்தான் வாய்ப்பு. கலிஃபோர்னியாவுல மட்டும் கதை வேற, அங்க 2023லயே டீசல்ல பாதிக்கு மேல சமையல் எண்ணெய், கொழுப்பு, சோயாவுல இருந்து வர்ற ரினியூவபிள் டீசலும் பயோடீசலும் தான். ஆனா அதுவும் மானியத்துல ஓடுற வண்டி, மானியம் நின்னா என்ன விலைன்னு பார்க்கலாம்.

கேள்வி (டல்லாஸ்): வாடகைக்கு எடுத்த ட்ரக்ல மாத்தி பெட்ரோல் போட்டுட்டேன்!! ஸ்டார்ட் பண்ணலாமா?

பதில்: பண்ணாதீங்க, சாவியை கூட திருப்பாதீங்க. எஞ்சினுக்கு டீசலை தள்ளுற பம்ப் அந்த டீசல்ல இருக்கற வழவழப்புல தான் ஓடுது, பெட்ரோல் உள்ள போனா பம்ப், இஞ்ஜெக்டர் எல்லாம் தேஞ்சு பெரிய பில் வரும். வாடகை கம்பெனிக்கு போன் பண்ணி டோ பண்ண சொல்லுங்க, டேங்கை வடிச்சாலே போதும். பெட்ரோல் நாஸில் சின்னது, டீசல் டேங்க்ல சுலபமா நுழைஞ்சுடும், அதான் இந்த தப்பு நடக்குது. நாஸில் பச்சை கலர்னா டீசல்னு மட்டும் நம்பாதீங்க, பிபி பம்புல பெட்ரோல் நாஸில் தான் பச்சை. எழுதியிருக்கறதை படிச்சுட்டு போடுங்க.